பிடித்தால் விடாத ஃபுளூரின்

தனிமங்களில் ஃபுளூரின் அளவுக்கு முரட்டுத்தனம் வேறெதற்கும் இல்லை. அணு எண் 9, வெளிர்மஞ்சள் நிற வாயு, மூச்சில் கலந்தால் கொடிய நஞ்சு. வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. எட்டாவதை எதனிடமிருந்தாவது பறித்துவிடும். இரும்புக் கம்பி நூல் இதில் பட்டால் தீப்பிடித்து எரியும். தண்ணீரிலிருந்துகூட ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் துரத்திவிடும். அதனால்தான் பூமியில் அது பெரும்பாலும் ஃபுளோர்ஸ்பார் போன்ற கனிமங்களுக்குள் சேர்மமாகவே கிடக்கிறது.

அதைத் தனியே பிரிக்க முயன்ற வேதியியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே இருவரும் அந்த முயற்சியில் உயிரையே விட்டார்கள். 1886 ஜூன் 26 அன்று பாரிசில் ஆன்றி முவாசான் வென்றார். பிளாட்டினம்–இரிடியம் கலவையில் செய்த குழாயில் ஃபுளூரின் சேர்மத்தை ஊற்றி, கடுங்குளிரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். குழாய்க்கு அவர் போட்ட மூடிதான் எனக்குப் பெரிய வியப்பு: ஃபுளோர்ஸ்பார் கல்லைக் கடைந்து செய்தது. ஏற்கெனவே ஃபுளூரின் நிறைந்த கல்லை, வெளிவரும் ஃபுளூரின் என்ன செய்துவிட முடியும்? வந்த வாயுவில் சிலிக்கன் படிகத்தைக் காட்டியதும் அது பற்றி எரிந்தது. 1906இல் முவாசானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நான்ஸ்டிக் தவாவில் தோசை ஒட்டாததற்கும் ஃபுளூரினின் இதே பிடிவாதம்தான் காரணம். கார்பனை ஒருமுறை பிடித்துவிட்டால் ஃபுளூரின் லேசில் விடாது. அந்தப் பிணைப்பில் வேறு பொருள் நுழைய இடமிருக்காது. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், வாயு வராவிட்டாலும் எடை குறையாதிருந்த சிலிண்டரை அறுத்துப் பார்த்தபோது கண்ட வெள்ளைப் பொடிதான் தவாவில் பூசப்படும் டெஃப்லான். இந்தத் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது. சுமார் 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும்.

பற்பசையில் இருப்பது வாயு அல்ல, ஃபுளூரைடு உப்பு. அது பல் எனாமலில் சேர்ந்து, அமிலத்தில் எளிதில் கரையாதபடி அதை உறுதியாக்குகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு போதும். விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடிநீரில் மிகுந்தாலோ அதே ஃபுளூரைடு பல்லைப் பழுப்பாக்கி, எலும்பையும் மூட்டையும் முடக்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து அது கிணற்றுநீரில் கலந்து பல தலைமுறைகளை வாட்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டுபோனதன் முக்கிய நோக்கம் இதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அப்படிப்பட்ட தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகிவிடும், ஃபுளூரைடு தங்கிவிடும். செறிவு கூடத்தான் செய்யும்.