மன்னார் வளைகுடாத் தீவுகள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சரம்போல் அமைந்த 21 தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளையும் உள்ளடக்கிய இப்பிரதேசம், 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய சரக்காக மட்டுமே மதிக்கப்பட்ட பவளக்கல், கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு வள்ளம் வள்ளமாகக் கரை சேர்ந்தது. அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற அவ்வரண் அகன்றமையே முக்கிய காரணமாக, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துபோயின. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன.

ஆயினும், பூங்காவைக் காக்கும் சட்டத்தின் பாரம் யார்மீது விழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. விரல்களில் துணிச்சுருள் சுற்றி, கண்ணாடி அணிந்து மூச்சடக்கி மூழ்கி, அகர் என்னும் கூழ்ப்பொருளைத் தரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து கிள்ளியெடுக்கும் பாம்பன் வட்டாரத்துப் பெண்களுக்கு, தலைமுறையாக வந்த ஜீவனோபாயமே தீவுகளின் எல்லைக்குள் குற்றமாயிற்று. பாசி மீண்டும் தழைக்க வேண்டுமென்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே மூழ்குவதென அவர்களே வகுத்துக்கொண்ட நியமம், எந்த அரசாணைக்கும் குறையாத மதிப்புடையது. பூங்காவின் பரிபாலனத்தில் அவர்களுக்கும் இடமளிப்பதே நியாயம்.

பார்வையாளர்களே, பவளத்துண்டுகளை எடுக்கவோ விலைக்கு வாங்கவோ வேண்டாம்; வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம்.