கிட்டப்பாவின் குரலும் பழைய இரும்புக் கடை ரிக்கார்டு பிளேயரும்

"அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒரு சாமான் எடுத்து வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அவருடைய கடை. மலையாளத்தில் ஆக்ரிக் கடை. நம் பேச்சில் பழைய இரும்புக் கடை. திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர். இவரும் தென்காசிப் பக்கத்துக்காரர்தான்.

சாக்கை விலக்கிக் காட்டினார். மரப்பெட்டிக்குள் ஒரு ரிக்கார்டு பிளேயர். 16, 33, 45, 78 என்று நான்கு வேகங்களுக்கும் திருகு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். ஆயிரத்து இருநூறுக்கு முடிந்தது. நான் பேரம் பேசியது வெறும் சம்பிரதாயத்துக்குத்தான். அந்த 78ஐப் பார்த்தவுடனேயே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஏனெனில் ஊரிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டியில் அப்பாவின் இசைத்தட்டுகள் ஒன்பது கிடந்தன. எல்லாம் 78. அவற்றில் ஒன்று எஸ்.ஜி.கிட்டப்பா பாடியது.

கிட்டப்பாவைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. 1906ல் செங்கோட்டையில் பிறந்தவர். 1956 நவம்பர் 1ந் தேதி சென்னை மாநிலத்துடன் சேரும் வரை செங்கோட்டை இந்தத் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ராஜ்யத்தில்தான் இருந்தது. நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, முப்பது வயதைக்கூடத் தொடாமல் 1933ல் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. ஆகவே அந்தக் குரல் இன்றைக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டில் மட்டுமே. செல்போனில் அவர் பாட்டைக் கேட்கிறோம் என்றால், எங்கோ யாரோ ஒருவர் ஒரு தட்டைக் கீறல் படாமல் காப்பாற்றி வைத்திருந்தார் என்று அர்த்தம்.

மிஷின் கெட்டால் சரி செய்யலாம். தட்டு கெட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதை நான் புத்தி கொள்முதலாகத் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேகம்

வீட்டுக்குக் கொண்டு வந்து பிளக்கைச் செருகினால் சுழல்மேடை முக்கி முனகிச் சுற்றியது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நடு அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்! கேரளத்தில் எதற்கும் கை அந்தப் புட்டிக்குத்தான் போகும் போலிருக்கிறது. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

இந்த மாதிரிப் பழைய செட்டுகளில் மோட்டாருக்கும் சுழல்மேடைக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும். அதில் எண்ணெய் பட்டால் வழுக்கும், வேகம் குறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ரப்பரைத் துடைக்க வேண்டும். நானும் ஒரு புட்டி வாங்கி வந்து துடைத்தேன். வினை அந்தப் புட்டியில்தான் இருந்தது.

வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். எல்.பி. ரிக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது மூன்று நிமிஷத்துக்கு மிகச் சரியாக 100 சுற்று. மேடை ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிவிடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எண்ணுகிற வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

வளைகுடாவிலிருந்து வந்த செட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே போன மலையாளிகள் தூக்கிக்கொண்டு வந்த ஜப்பான் செட்டுகள் இங்கே இன்னமும் விலைக்கு வருகின்றன. பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஆனால் சவூதி அரேபியாவில் மின்சாரம் 60 சைக்கிள். நம் நாட்டில் 50. அந்த ஊருக்கென்று செய்த ஏ.சி. மோட்டார் செட்டை இங்கே போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். சுசீலா பாடுவது யாரோ அழுகிற மாதிரிக் கேட்கும். சில செட்டுகளில் 50, 60 என்று மாற்றுகிற ஏற்பாடு அடியில் இருக்கும். இல்லாவிட்டால் மோட்டார் முனையிலுள்ள கப்பியை மாற்ற வேண்டும். டி.சி. மோட்டார் செட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதோடு, 110 வோல்ட் செட்டாக இருந்து அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். பின்பக்கத்துத் தகட்டைப் படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊசியில்தான் எல்லாம்

பெட்டியின் பளபளப்பைப் பார்த்து விலை கொடுப்பவர்கள் ஊசியைப் பார்ப்பதில்லை. தேய்ந்த ஊசி உளி மாதிரி. தட்டின் பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். நீலக்கல் ஊசியின் ஆயுள் ஐம்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வைர ஊசி என்றால் 500 மணிக்குக் குறையாது. பழைய செட்டில் இருக்கும் ஊசி எத்தனை மணி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே செலவு செய்வதானால் முதலில் ஊசிக்குச் செய்யுங்கள்.

ஊசியிலும் இரண்டு ஜாதி உண்டு. 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்குத் தடித்த முனை வேண்டும். 1948ல் அமெரிக்காவில் வந்த எல்.பி.யும் அடுத்த ஆண்டு வந்த 45ம் நுண்ணிய பள்ளம் கொண்டவை. அவற்றின் ஊசி 78 ஊசியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். என் செட்டில் இருப்பதுபோன்ற கார்ட்ரிட்ஜில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும்; திருப்பினால் ஒரு பக்கம் 78 ஊசி, மறுபக்கம் எல்.பி. ஊசி. திருப்ப மறந்து 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் மேல் விளிம்பு நாசமாகும். எல்.பி. ஊசியை 78ல் வைத்தாலோ அது பள்ளத்தின் அடியில் கிடந்து உருண்டு, பாட்டைவிட இரைச்சலைத்தான் அதிகம் தரும்.

கூம்பு வைத்த சாவி கிராமபோனை அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் அதில் எல்.பி. போடவே கூடாது. அதன் தலையின் பாரம் நூறு கிராமுக்கும் மேல். இரும்பு ஊசி வேறு. ஒரே ஓட்டத்தில் தட்டு போய்விடும்.

நான் செய்த பிழை

இனி என் கதை. ரப்பர்ச் சக்கரம் ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் தகரப் பெட்டியைத் திறந்தேன். எல்லாத் தட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். இந்த ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? கிட்டப்பாவைத்தான் முதலில் எடுத்தேன். கைக்கெட்டிய இடத்தில் ஸ்பிரிட் புட்டி இருந்தது. பஞ்சில் தொட்டு ஒரு பக்கம் முழுவதும் அழுந்தத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்துபோய் இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

வந்தது அழுக்கல்ல, தட்டே வந்துகொண்டிருந்தது.

ஊசியை வைத்தபோது அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற மாதிரிச் சத்தம். அதற்கடியில் எங்கோ தூரத்தில் ஒரு குரல் போல ஏதோ ஒன்று. அவ்வளவுதான். அடுத்த வீட்டில் குடியிருக்கும் தச்சர், நாகர்கோவில்காரர், எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது அரக்குல்லா சார்? அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத்தானே நாங்க பாலிஷ் போடுதோம்?"

78 தட்டில் பெரும்பாலானவை அரக்கும் கல்மாவும் கரிப்பொடியும் கலந்து செய்தவை. உலகத்துத் தட்டுகளுக்கெல்லாம் வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. தச்சருக்குத் தெரிந்த சங்கதி, இருபத்தைந்து வருஷம் பைல் கட்டிய எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அப்பா அந்தத் தட்டைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஆகவே அன்பர்களே, 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு கலந்து, மிருதுவான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே நல்ல நீரால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் நீர் படக்கூடாது. வெயிலில் காய வைத்தால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும்.

மட்டமும் பாரமும்

பிளேயர் இருக்கும் பலகை சரிமட்டமாக இருக்க வேண்டும். கொத்து வேலை செய்யும் அன்பர்களிடம் ரசமட்டம் இருக்கும். அதை மேடை மீது குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, காலடியில் அட்டைத் துண்டு கொடுத்துச் சரி செய்யலாம். ஸ்பீக்கரை அதே மேஜையில் வைத்தால் அதன் அதிர்வை ஊசி வாங்கிக்கொண்டு ஊளையிடும். சுவரில் அடித்த பலகை உத்தமம்.

என் செட்டில் பாரத்தை ஒரு ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. வளைகுடா செட்டுகளில் ஊசிக் கைக்குப் பின்னால் ஒரு குண்டு இருக்கும். கை தராசு முள் போல மேலும் கீழும் சாயாமல் மிதக்கும் வரை குண்டைத் திருகி, அங்கே சைபரை வைத்துக்கொண்டு, பிறகு இரண்டு கிராம் அளவுக்கு முன்னே திருகினால் எல்.பி.க்குப் போதும். பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. ஊசி பள்ளத்தில் நிற்காமல் குதித்துச் சுவரை இடிக்கும்.

அந்த செட்டுகளில் காந்தக் கார்ட்ரிட்ஜ் இருப்பதால் ஒலி மிகச் சன்னம்; ஆம்பிளிபயரில் போனோ என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். தனியாகத் தொங்கும் மெல்லிய கம்பி எர்த். அதை மாட்டாவிட்டால் வண்டு ரீங்காரம் கேட்கும்.

தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்துக் கோவில் கொடைகளில் பாடிய 'ரேடியோ செட்' தட்டுகள் நிறைய விலைக்கு வருகின்றன. கனத்த ஊசியில் நூற்றுக்கணக்கான முறை ஓடியவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கன்னங்கரேல் என்று மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல தட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையுள்ளவர்கள் விடுமுறையில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலுக்குப் போகலாம். வனவளர்ச்சிக் கழகத்தில் அதிகாரியாக இருந்த சன்னி மாத்யூ என்பவர், தாம் சேர்த்த கிராமபோன்களையும் ஆயிரக்கணக்கான 78 தட்டுகளையும் கொண்டு 2015ல் அங்கே ஒரு காட்சிசாலை அமைத்தார்.

தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். இடவப்பாதி மழைக்கு முன்பு ஒருமுறை வெளியே எடுத்து உறை மாற்றுவது நல்லது. துலா மாத இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எட்டுத் தட்டுகளையும் நீரால் துடைத்து முடிக்க எனக்கு ஒரு மாதமாயிற்று. கடைசியாகத்தான் கிட்டப்பா தட்டை மறுபடி எடுக்க மனம் வந்தது. ஸ்பிரிட் பட்டது ஒரு பக்கந்தான். மறுபக்கத்தை நீரால் துடைத்து, புது ஊசியை 78க்குத் திருப்பி, தச்சரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போட்டேன். மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். இரைச்சல் இருந்தது, ஆனால் மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் நின்ற இடத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. தச்சர் "இன்னொரு தரம் போடுங்க சார்" என்றார்.