பிள்ளை பாறையில் ஏறுகிறதா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒலிம்பிக்கில் சுவரேறுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு மகன் லயத்துக்குப் பின்னாலுள்ள கல்லில் ஏறுகிறான். தடுக்க வேண்டுமா?

அந்த விளையாட்டில் ஒரு பிரிவின் பெயர் பவுல்டரிங். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் பாறையேற்றம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பவுல்டரிங்கில் கயிறு கிடையாது. போட்டிச் சுவரின் உயரம் நாலரை மீட்டர் அளவில் இருக்கும், கீழே தடித்த மெத்தை விரித்திருப்பார்கள். ஏறுகிறவர் விழத்தான் செய்வார் என்று எண்ணியே அந்தச் சுவரைக் கட்டுகிறார்கள். நம் தோட்டத்தில் கல்லுக்கடியில் என்ன இருக்கிறது? கவ்வாத்து வெட்டிய தேயிலை, ஈட்டி போல நிமிர்ந்த கட்டைகளோடு நிற்கும். இல்லாவிட்டால் கல் பதித்த கான். ஆகவே கல்லின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் விழும் இடத்தைப் பாருங்கள். புல்லும் மெத்தென்ற மண்ணுமாக இருந்தால், பிள்ளையின் தலைக்கு மேல் போகாத கல்லில் ஏறட்டும். அவனை அதட்டி இறக்கினால், நீங்கள் மலைக்குப் போன பிறகு ஏறுவான்.

விழுந்தால் ஏந்திப் பிடிக்கலாமா?

முடியாது. மேலேயிருந்து விழும் இருபது கிலோப் பிள்ளையின் வேகத்தைக் கை தாங்காது, இரண்டு பேருக்கும் அடிபடும். நேர் கீழே நிற்காமல் சற்றுப் பின்னால், முழங்கால் மடக்கி, இரு கையையும் உயர்த்தி நில்லுங்கள். இடுப்பிலோ முதுகிலோ கைகொடுத்து, தலை அடிபடாமல் காலில் இறங்கும்படி திருப்பிவிட்டால் போதும். முழங்காலை மடக்கி இறங்கி, பின்பக்கமாக உருளப் பிள்ளையைப் பழக்குங்கள். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. ஒருவன் ஏறும்போது தம்பி தங்கச்சி அடியில் ஓடக் கூடாது. சுவரேறும் மண்டபங்களிலும் கறாரான விதி இதுதான்.

எட்டாத இடத்துக்குக் கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன?

வேண்டாம். தானாக ஏற முடியாத உயரத்திலிருந்து பிள்ளைக்குத் தானாக இறங்கவும் தெரியாது. ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருக்கும், இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. கொய்யா மரத்தில் ஏறி அழுகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மோதிரம், காப்பு, கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மோதிரம் எங்காவது மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். தாயத்தைக் கழற்ற அப்பாயி சம்மதிக்க மாட்டார், அவரிடம் பேசுவது உங்கள் பாடு.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது, நாங்கள் மலையிலிருந்து வர மாலையாகிறது. யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம், பள்ளிப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. “பிள்ளையைக் கண்காணியுங்கள்” என்று எழுதுவது சுலபம், கொழுந்துக் கூடையோடு நிற்கும் தாயிடம் அதைச் சொல்வது அநியாயம். லயத்துப் பெரியவர்கள் சேர்ந்து ஒரே ஒரு கல்லைத் தெரிவு செய்து, மற்றவை கூடாதென்று முடிவுகட்டலாம். வீட்டிலிருக்கும் ஒரு தாத்தாவோ பாட்டியோ கண்ணில் படும் தூரத்தில் உட்கார்ந்தால் பெரும் உதவி. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காவலுக்கு உதவமாட்டார்.

எப்போது ஏறவே கூடாது?

மழை பெய்து பாசி பிடித்திருந்தால். பக்கத்தில் குளவிக்கூடு இருந்தால். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அடைமழையில் சரிவிலுள்ள கல் அசையும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலையே இறங்கியதை நாம் மறக்கவில்லை. துன்ஹிந்த, தியலும போன்ற அருவிக்கரைப் பாறைகள் எந்த மாதமும் விளையாட்டுக்கு இல்லை.

கை வீங்கிவிட்டால் எண்ணெய் போட்டு உருவலாமா?

கூடவே கூடாது. கையூன்றி விழும் சிறுபிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது வழக்கம். அங்கேதான் இரத்தக்குழாயும் ஓடுகிறது. உருவினாலோ இறுகக் கட்டினாலோ ஆபத்து. விரல் குளிர்ந்து வெளுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். தலையில் அடிபட்டு வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலிருந்து நீர் அல்லது இரத்தம் என்று ஏதேனும் தெரிந்தாலும் அப்படியே. கழுத்து வலிக்கிறது என்றால் அசைக்காதீர்கள்.

1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். அழைக்கும்போது தோட்டம், டிவிஷன், லய இலக்கம் மூன்றையும் சொல்லி, தார் வீதி பிரியும் சந்தியில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.