கடுகதியோ, வாடகை மோட்டாரோ?

கொழும்பில் மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அண்மையிற் கிடக்கும் மாளிகாவத்தையைப் புகையிரதத்தின் முற்றத்திலே குடியிருக்கும் ஊரென்று சொன்னால் அது மிகையாகாது. ஓடி ஓய்ந்த பெட்டிகள் அடுத்த ஓட்டத்தை எதிர்நோக்கித் தரித்து நிற்கும் தண்டவாளத் திடல் அங்கேதான் இருக்கின்றது. தொடர்மாடி வீடுகளில் உறங்கும் குழந்தைகள் இஞ்சினின் ஊதலைக் கேட்டே வளர்கின்றன. எனினும், அவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் போவதற்கு நாட்குறித்தால், முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் புகையிரதத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "யாரிடம் வான் எடுக்கலாம்?" என்பதே முதற் கேள்வியாகின்றது. அக்கேள்வி சரியானதா என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிற் பிறந்து, இன்று மாளிகாவத்தையில் மகனோடு வாழும் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார். மகன், மருமகள், பிள்ளைகள் இருவர். ஊரில் உறவினர் வீட்டுத் திருமணம். தங்குவது மூன்று நாட்கள். மகன் வாடகை வான் ஒன்றை விசாரித்துவிட்டான். தாயாரோ, "யாழ்தேவியிலேயே போவோம் மகன்" என்கிறார். முழங்கால் வலியுள்ள உம்மாவை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கவேண்டும் என்பது மகனின் அக்கறை. தாயாரின் விருப்பத்துக்கோ நெடிய வரலாறு உண்டு.

இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதே அந்நாளைய ஆட்சியாளரின் நோக்கமாதலால், பாதை முதலிற் கண்டியை நாடிச் சென்றது. வடக்கு நோக்கிய பாதை பொல்காவலையிற் பிரிந்து, குருநாகலையையும் அநுராதபுரத்தையும் தாண்டி, 1905ஆம் ஆண்டிலேயே காங்கேசன்துறை வரை முழுமையாயிற்று. அதற்கு முன்னர், தென்னிலங்கைக்கு வரும் யாழ்ப்பாணத்தவர் கடல்வழியையோ வன்னிக் காட்டுவழியையோ நம்பியிருந்தனர். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யாழ்தேவி என்னும் கடுகதி விடப்பட்டபின், கொழும்பில் உத்தியோகம் பார்ப்போருக்கும் வணிகஞ் செய்வோருக்கும் ஊர் அண்மையில் வந்தது போலாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர்க்கும், மருதானைப் பக்கத்தில் கடை வைத்திருந்த யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் அவ்வண்டி பொதுவான முற்றமாக விளங்கியது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போரின் காரணமாக அச்சேவை நின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஆகவே, தண்டவாளம் இருந்தும் வண்டி இல்லாத காலத்தில், கிடைத்த வாகனத்திலும் கால்நடையாகவும் அவர்கள் ஊரைவிட்டு வந்தார்கள். பிறகு தண்டவாளமும் இல்லாமற் போயிற்று. ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு, பாதை காடேறிக் கிடந்தது. இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்ட பின்னர், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. இருபத்துநான்கு ஆண்டு இடைவெளி! மாளிகாவத்தைத் தாயார் யாழ்தேவியின் பெயரைச் சொல்லும்போது இவையெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆயினும், பிரயாணத்தை உணர்ச்சியால் மட்டும் தீர்மானிப்பது பொருந்தாது. கணக்கும் பார்க்கத்தான் வேண்டும்.

கணக்கின் அடிப்படை எளியது. புகையிரதத்திற் கட்டணம் ஆளுக்கு. வாடகை மோட்டாரிற் கட்டணம் வண்டிக்கு. ஒருவர் தனியே போனாற் புகையிரதம் எவ்வளவோ மலிவு; எண்மர் சேர்ந்து போனால் வான் மலிவாகத் தோன்றும். நடுவிலே நால்வர், ஐவர் என்னும் தொகையிற்றான் சிக்கல். ஐவர் குளிரூட்டப்பட்ட முதலாம் வகுப்பிற் போவதை வானோடு ஒப்பிட்டால் ஒரு விடை. இரண்டாம் வகுப்பையோ மூன்றாம் வகுப்பையோ ஒப்பிட்டால் முற்றும் வேறொரு விடை. பலர் வானின் வாடகையை முதலாம் வகுப்போடு ஒப்பிட்டுவிட்டு, "இரண்டும் ஒன்றுதானே" என்று முடிவு கட்டுகின்றனர். அது நேரிய ஒப்பீடன்று.

வாடகை மோட்டாரின் செலவில், சொல்லப்படும் நாள் வாடகை ஒரு பகுதி மாத்திரமே. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கி.மீ. போக வர 800. ஊரில் உறவினர் வீடுகளுக்கு அலைவதற்கு ஒரு 100 சேர்த்தால் 900. ஒரு லீற்றருக்கு 10 கி.மீ. ஓடும் வானுக்கு 90 லீற்றர் வேண்டும். கணக்கின் வசதிக்காக லீற்றர் ஒன்றை 300 ரூபாவென்று கொண்டால், எரிபொருளுக்கே 27,000 ரூபா ஆகின்றது. இதற்கு மேலும் ஒன்று உண்டு. பலரின் கண்ணுக்குத் தப்புவது அதுவே. வாகனத்தை வாடகைக்கு விடுவோர் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று எல்லை வகுப்பது வழக்கம். அவ்வெல்லை நாளுக்கு 100 கி.மீ. என்றால், மூன்று நாட்களுக்கு 300 தான். எஞ்சிய 600 கி.மீ.க்கு மேலதிகக் கட்டணம் கொடுக்கவேண்டும். மலிவான நாள் வாடகையென்று மகிழ்ந்தவர், வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மீற்றரைப் பார்த்து முகம் வாடுவது இதனாலேயே. சாரதியோடு வண்டி பெற்றால் அவருக்குரிய படியும் உணவும் உறங்க இடமும் வேறு.

வாடகை ஏன் இவ்வளவு உயர்ந்தது என்ற கேள்விக்கும் விடையுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அதுவும் கடும் வரியோடு. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வண்டி வராத நாட்டிற் பழைய வண்டியின் விலை ஏறியது. விலையைப் பின்பற்றி வாடகையும் ஏறியது.

நேரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. மோட்டாரிற் போனால் விரைவாகப் போகலாம் என்பதே அது. கொழும்பிலிருந்து காலிக்கு 2011ஆம் ஆண்டு முதல் அதிவேகப் பாதை உண்டாதலால் தெற்கே அவ்வெண்ணம் பொருந்தும். வடக்கே அது பொருந்தாது. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமைக்கும் குருநாகலைக்கும் இடைப்பட்ட பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் பயன் யாழ்ப்பாணம் போவோர்க்குச் சிறிதே. சாதாரண வீதியில் மோட்டார்க் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கி.மீ.; ஊர்மனைகளில் 50. இதற்கு அடங்கி ஓட்டினால், உணவுக்கு நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து எட்டு மணித்தியாலத்திற்குக் குறைவது அரிது. விரைவு வண்டியும் ஏறக்குறைய அதே நேரத்தில், சில வேளை அதற்கு முன்னரே, கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. 2022 ஜனவரியில் கல்கிசையிலிருந்து காங்கேசன்துறைக்குக் குளிரூட்டப்பட்ட நகர்சேர் கடுகதியொன்று விடப்பட்டது. பின்னர் மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடையிலான 128 கி.மீ. பழைய பாதை, 2023, 2024ஆம் ஆண்டுகளில் இரு கட்டங்களாக மூடப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆகவே, நேரம் மிச்சம் என்று கருதி மோட்டாரைத் தேர்வோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

இப்படிச் சொல்வதனாற் புகையிரதத்திற் குறையே இல்லையென்று கொள்ளலாகாது. பொல்காவலைக்கு வடக்கே பாதையின் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்காக ஒரு நிலையத்திற் காத்து நின்றால், அத்தாமதம் அடுத்தடுத்த நிலையங்களுக்கும் தொடரும். ஊழியர் வேலைநிறுத்தம் முன்னறிவிப்பின்றியும் வருவதுண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய சூறாவளியும் வெள்ளமும் நாட்டின் இருப்புப்பாதைகளைப் பெரிதும் சிதைத்தன. யானைகளையும் மறத்தலாகாது. 2025 பெப்ரவரி 20ஆம் நாள் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கி வந்த இரவு வண்டி கல்லோயாவுக்கு அண்மையில் யானைக் கூட்டத்தின்மீது மோதியது. ஆறு யானைகள் இறந்தன, வண்டி தடம்புரண்டது. பிரயாணிகள் எவரும் காயமடையவில்லை. அவ்விபத்தின் பின் அப்பாதையின் நேரசூசி மாற்றப்பட்டது. ஆதலாற் சில ஆண்டுகளுக்கு முந்திய நேர அட்டவணையை நம்பிப் புறப்படுவது பேதைமை. புறப்படும் வாரத்தில் நிலையத்திற் கேட்டறிவதே முறை.

மோட்டாருக்கே உரிய சிறப்பு ஒன்றுண்டு. அது வேகமன்று, வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை. மாளிகாவத்தைக் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று. 1990இல் வெளியேற்றப்பட்டோரிற் பெருந்தொகையினர் புத்தளத்திற் குடியேறினர். இன்றும் அங்கே வாழ்கின்றனர். தாயாரின் தங்கை புத்தளத்தில் இருப்பாராயின் அவரையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டுமல்லவா? புத்தளத்துக்கும் புகையிரதம் உண்டு. ஆனால் அது றாகமையிற் பிரிந்து கரையோரமாகச் செல்லும் தனிப்பாதை. அங்கிருந்து அநுராதபுரத்துக்குத் தண்டவாளத் தொடர்பு இல்லை. வீதியிலோ நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று வழி இயல்பாகவே அமைகின்றது. லுஹர்த் தொழுகைக்குப் புத்தளத்துப் பள்ளிவாசலில் நிறுத்தலாம். வவுனியாவைக் கடந்தால் முறிகண்டி. எச்சமயத்தவராயினும் சாரதிகள் பலர் அங்கே வண்டியை நிறுத்தாமற் போவதில்லை. கச்சான் வாங்காமல் அவ்விடத்தைத் தாண்டிய பிள்ளைகளும் இல்லை. ஆனையிறவின் உப்பளங்களையும் நின்று பார்க்கலாம்.

முழங்கால் வலிக்கு எது நல்லது? மகன் வானென்று கருதுகிறான். ஆயின், எட்டு மணித்தியாலம் மடக்கிய காலோடு வானில் இருப்பது முதியோர்க்கு எளிதன்று. புகையிரதத்தில் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். மலசலகூடமும் உடனே உண்டு. இடர் இருப்பது ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலுமே. மேம்பாலப் படிகளும் பெட்டியின் உயர்ந்த படியும் முதியோரை வருத்தும். அதற்குத் துணை வேண்டும். சற்று முந்திப் போகவும் வேண்டும். மருதானை மாளிகாவத்தைக்கு மிக அண்மையில் இருந்தாலும், குறித்த கடுகதி அங்கே நிற்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்; கோட்டையில் ஏறினால் அந்த ஐயம் இல்லை.

மோட்டாரையே தெரிவதென்று முடிவானால், இரண்டு செய்திகளில் விட்டுக்கொடுத்தல் தகாது. ஒன்று காப்புறுதி. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வண்டியைத் தெரிந்தவர் என்ற முறையில் வாடகைக்குத் தருவோர் பலர். விபத்து நேருமாயின், வாடகை ஓட்டம் என்ற காரணத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பத்திரத்தை வாங்கி வாசிப்பதில் நட்புக்கு எவ்விதப் பங்கமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் ஓட்டுவதாயின், அவருடைய நாட்டு அனுமதிப்பத்திரம் மாத்திரம் போதாது. இலங்கையில் அதற்குரிய ஒப்புதலைப் பெறவேண்டும். மற்றையது உறக்கம். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு விடியலில் யாழ்ப்பாணத்திற் கால்வைப்பதென்பது நம்மவர் விரும்பும் ஏற்பாடு. ஒரு நாளை மிச்சம் பிடிக்கும் இந்த ஆசையைப் போல் ஆபத்தானது வேறில்லை. நேரான, ஆளரவமற்ற வன்னி வீதியில் விடியற்காலத்தில் சாரதியின் கண் தன்னை அறியாமலே மூடும். இரவிலேதான் போகவேண்டுமென்றால், வீதியைப் பார்க்கும் கடமை பிரயாணிக்கு இல்லாத இரவு அஞ்சல் வண்டியே உகந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நெடுந்தூரத்தைப் புகையிரதத்திற் கடந்து, யாழ்ப்பாணத்தில் வேண்டிய நாளுக்கு மாத்திரம் வண்டி பெறுவதே அது. நிலையத்திலிருந்து சோனகத் தெருவுக்கு முச்சக்கர வண்டி போதும். திருமண நாளில் யாவரும் ஒரே வளவில் இருப்பார்கள். வான் வெயிலிற் காய்ந்துகொண்டு நாள் வாடகையைத் தின்றுகொண்டிருக்கும். மறுநாள் சுன்னாகம், சாவகச்சேரி என்று அலைய வேண்டுமாயின் அன்றைக்கு மட்டும் உள்ளூர் வண்டி, 900 கி.மீ. என்ற கணக்கு 100 ஆகச் சுருங்கும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு, புத்தளத்துத் தங்கையை ஏற்றும் தேவை இல்லாதவிடத்து, இதுவே சிறந்த ஏற்பாடு. தங்கையும் வருவாராயின், வானே சரி. ஆனால் அதிகாலையிற் புறப்பட்டு, பகலிற் போகவேண்டும்.

ஆசனங்கள் பயணத்துக்கு முப்பது நாட்களுக்கு முன்னரே முற்பதிவுக்குத் திறக்கப்படுகின்றன. பிரயாணியின் அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்படுகின்றது. பெருநாட் காலத்திலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் அவை விரைவில் முடிந்துவிடுகின்றன. போகும் சீட்டை எடுத்துவிட்டு, திரும்பும் சீட்டைப் பிறகு பார்க்கலாமென்று விடுவோர், மூன்றாம் நாட் காலையில் யாழ்ப்பாண நிலையத்தில் நின்றுகொண்டு வான்காரருக்குத் தொலைபேசியெடுக்க நேரிடும். போக்கும் வரவும் ஒரே நாளிற் பதியப்பட வேண்டும்; அதிலும் தாயாருக்குச் சாளரத்தோர ஆசனம் கிடைக்கின்றதா என்று பார்த்துப் பதிவது மகனின் வேலை.