கம்பெனி வேலை கிடைச்சாச்சு... கையில் வந்த தாளில் என்ன எழுதியிருக்கு?

வல்லம் வடகால் சிப்காட்டில் 20 ஏக்கரில் ஒரு குடியிருப்பு நிற்கிறது. 13 பிளாக்குகள், ஒவ்வொன்றும் பத்து மாடி. ஓர் அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். சிப்காட் நிறுவனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் கட்டிய இந்த விடுதியை, 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியூ விழாவுக்கு நேரில் வந்திருந்தார். தமிழ்நாட்டில் பல பேரூராட்சிகளின் மொத்த மக்கள்தொகையே இவ்வளவு இருக்காது. இங்கே அத்தனை பேரும் இளம்பெண்கள். நேற்றுவரை பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இது சும்மா வந்த கட்டடம் இல்லை. 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கூட்டம் கூட்டமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாத பதற்றத்தில் மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. இந்தப் பெண்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உலகம் முழுக்கப் பேச்சானது.

தங்குமிடக் கேள்விக்கு ஒரு பதில் வந்துவிட்டது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அறைக்குப் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு வேறு என்னென்ன வழிகள் இருந்தன என்று யாராவது காட்டினார்களா?

'கம்பெனிக்குப் போறா!'

செய்யாறு, அரக்கோணம், திருவண்ணாமலை பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பதில்தான்: ''பொண்ணு ஒரகடத்துல கம்பெனிக்குப் போறா.'' என்ன கம்பெனி, என்ன வேலை என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை இருக்காது. 'கம்பெனி' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு பஸ் பயணத்தில் பார்த்துவிடலாம். சிங்கபெருமாள்கோவிலில் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வரை போனால், ஒரகடத்தில் ரெனோ - நிஸான் கார், டெய்ம்லர் லாரி, அப்போலோ டயர். வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று இரண்டு மோட்டார் சைக்கிள் ஆலைகள். விமான பாகங்களுக்கென்றே ஒதுக்கிய பூங்கா. நடுவில் வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு கும்பிடு. ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டால் கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன், நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், எதிர்ப்பக்கம் போனால் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், சாம்சங். இவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சின்னச் சின்ன ஆலைகளை எண்ணி மாளாது.

இவ்வளவும் இருந்தும், வல்லம், ஒரகடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிவதென்னவோ காம்பவுண்டு சுவரும் கேட்டும் ஷிப்ட் பஸ்ஸும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இவர்களுக்கும் தெரியும்.

லைன் நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். அசெம்பிளி லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் ஸ்குரூ போடுகிறார், அடுத்தவர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார், அதற்கடுத்தவர் கேமரா முன் வைத்துச் சோதிக்கிறார். ஒருவருக்கு ஒரு வேலை. சில விநாடிகளில் முடிக்க வேண்டும். சில நாள் பழகினால் கை தானாகப் போகும்.

திடீரென்று லைன் நிற்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். மெயின்டனன்ஸிலிருந்து ஒருவர் வருகிறார். சென்சாரில் தூசியா, காற்றுக் குழாயில் கசிவா, இயந்திரத்தை ஓட்டும் பி.எல்.சி.யில் கோளாறா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சரிசெய்கிறார். லைன் மறுபடி ஓடுகிறது.

லைனில் நிற்பவர் ஒரு வேலை செய்கிறார். ஓடிவந்தவர் கையில் ஒரு தொழில் இருக்கிறது. அந்த ஆலை மூடினாலும் டயர் ஆலையிலோ, பிஸ்கட் ஆலையிலோ, கோயம்புத்தூரிலோ, கத்தாரிலோ அதே தொழிலை வைத்துப் பிழைத்துக்கொள்வார். முதலாமவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு லைனுக்கு மட்டும் பொருந்துவது.

லைன் வேலை கேவலம் என்பதல்ல இதற்கு அர்த்தம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 4 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைந்திருக்கிறது, தம்பி படித்திருக்கிறான், கல்யாண வயதைப் பற்றி வீட்டில் எதிர்த்துப் பேசும் தைரியம் வந்திருக்கிறது. ஆனால் 18 வயதில் சேர்ந்தவர் 26 வயதில் வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்று சேரும்போதே கேட்டுவைப்பது நல்லது.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 2006-இல் நோக்கியா இங்கே செல்போன் ஆலையைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் சீருடையும் அடையாள அட்டையுமாக ஆயிரக்கணக்கில் போனார்கள். வரிப் பிரச்னை, நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது, ஆர்டர் நின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. அவர்களில் பலருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. செல்போன் பூட்டத் தெரிந்த கைகள், ஆனால் பக்கத்து கார் ஆலையில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் இல்லை. அந்தக் கட்டடத்துக்குப் பிறகு செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. அதில் வேலை பார்த்தவர்கள் அதற்காகக் காத்திருக்க முடியுமா?

கடிதத்தில் ஒரு சொல்

வேலைக்குச் சேரும் நாளில் ஒரு தாள் தருவார்கள். கையெழுத்துப் போடும் அவசரத்தில் பாதிப் பேர் படிப்பதில்லை. அதில் இருக்கும் ஒரு சொல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

'கான்ட்ராக்ட்' என்றிருந்தால், நீங்கள் வேலை பார்ப்பது பெரிய நிறுவனத்தின் கூரையின்கீழ். சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. பி.எஃப். பணம் நிஜமாகவே கட்டப்படுகிறதா என்பதை யு.ஏ.என். எண்ணை வைத்து போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவும் வேண்டும்.

'டிரெயினி' என்றிருந்தால் கொஞ்சம் உஷார். இது பல அர்த்தம் கொண்ட சொல். 2013-இல் ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த 'நீம்' என்ற திட்டத்தின்கீழ் நாடு முழுக்கத் தொழிற்சாலைகள் இளைஞர்களை டிரெயினிகளாக எடுத்தன. லைனில் முழு ஷிப்ட் நிற்பார்கள். ஆனால் சட்டப்படி ஊழியர் இல்லை. இந்தக் குறை பரவலாகப் பேசப்பட்டு, கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. சொல் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. என்ன பயிற்சி, எத்தனை மாதம், முடிவில் யார் தரும் சான்றிதழ் - இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத 'டிரெயினி' வேலையில் பயிற்சி எங்கே இருக்கிறது?

'அப்ரென்டிஸ்' வேறு. இது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவிகிதம் வரை அப்ரென்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூவுக்கு 7,000, ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிகளுக்கு 9,000. இது தரைமட்டம், அதற்கு மேல் தருகிற நிறுவனங்களும் உண்டு. பயிற்சி ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேர்வு எழுதி வாங்கும் தேசியச் சான்றிதழ் எந்த மாநிலத்திலும் செல்லும்.

லைன் வேலையில் கைக்கு வருவது இதைவிட அதிகமாக இருக்கலாம். பத்தாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவே மூவாயிரம் என்பது கிராமத்து வீட்டில் சின்னத் தொகை இல்லை, மாத மளிகை. அதனால்தான் இது பிள்ளை மட்டும் எடுக்கிற முடிவாக இருப்பதில்லை. ஜெர்மனியில் பள்ளி முடித்த இளைஞர்கள் ஒரு நிறுவனத்தோடு பயிற்சி ஒப்பந்தம் போட்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்கல்விப் பள்ளி, மீதி நாள் ஆலை என்று மூன்று வருடம் போல உதவித்தொகையோடு கற்கிறார்கள். அங்கே அது ஊர் வழக்கம். இங்கே, ''பக்கத்து வீட்டுப் பையன் பதினைஞ்சாயிரம் வாங்குறான், நீ ஏன் இன்னும் படிக்கிறே?'' என்ற கேள்வியைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

ஒரகடத்து ஐ.டி.ஐ.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவும் ஓர் இடம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையம். தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் திட்டத்தில் முதல் 22 மையங்களை, 2023 ஜூன் 13-ஆம் தேதி முதல்வர் திறந்துவைத்தது இந்த ஒரகடத்தில்தான். ஐ.டி.ஐ. என்றால் பழைய லேத்தும் ரம்பமும் என்று நினைக்கிற அப்பாக்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ரோபோ இயக்கம், நவீன சி.என்.சி., மின்வாகனப் பழுதுபார்ப்பு என்று புதிய பிரிவுகள் இந்த மையங்களில் வந்திருக்கின்றன. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர், வெல்டர் என்ற பழைய பிரிவுகளுக்கும் மவுசு குறையவில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த தகுதியுள்ள பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. கல்யாணம், குழந்தை என்று இடையில் விட்டவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. கதவு எங்கேயும் அடைபடுவதில்லை.

ஐ.டி.ஐ. போனாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஃபிட்டர் படித்தவரை லைனில் ஸ்குரூ போட நிறுத்திவைக்கும் ஆலைகளும் இருக்கின்றன. எந்தத் துறையில் போடுகிறார்கள் என்று கேம்பஸ் தேர்விலேயே கேட்டுவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?

2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மேற்படிப்பு, வேலை வழிகாட்டல் உண்டு. 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கும் சேராமல் இருப்பவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் பேச்சு பெரும்பாலும் கல்லூரியைச் சுற்றியே இருக்கிறது. கல்லூரியைக் காட்ட பஸ் போகிறது. அதே பஸ் ஒரு நாள் ஒரகடம் ஐ.டி.ஐ.க்கும், ஏதாவது ஓர் ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவுக்கும் போனால் என்ன? ஒரகடம், வல்லம் பிள்ளைகளுக்கு அது டவுன் பஸ் தூரம்.

நிலம் கொடுத்த ஊர்களில் ஓர் ஆதங்கம் உண்டு. 'எங்க ஊர்ல கம்பெனி, வேலை வெளியூர்க்காரங்களுக்கு' என்று. அதில் நியாயம் இருக்கிறது. லைனுக்கு ஆள் எங்கிருந்தும் கிடைக்கும். பஸ் வைத்து அழைத்துவரலாம், விடுதி கட்டித் தங்கவைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ரோபோ நின்றுபோனால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும் பக்கத்து ஊர்க்காரராக இருப்பது லாபம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாள்களை ஒட்டி, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் ஐ.டி.ஐ. விண்ணப்பம் தொடங்கிவிடும். ஆன்லைனில் போடத் தெரியாதவர்கள் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோவோடு அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போனால் அங்குள்ள உதவி மையத்திலேயே பதிவுசெய்து தருவார்கள். டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களுக்கான அப்ரென்டிஸ் விவரங்களுக்குத் தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. வழியில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'பர்மனென்ட் வாங்கித்தர்றேன், ஐயாயிரம் கட்டுங்க' என்று யாராவது சொன்னால், காதில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.