ஊழியருக்கும் ஒரு மாலை

ஆலயத் திருவிழாக்களில் நன்கொடையாளர்களுக்கு மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி மரியாதை செய்வது நமது வழக்கம். அது முறையே. ஆனால் அதே வேளையில் மடைப்பள்ளியில் அண்டா கழுவிக்கொண்டிருப்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல்லாண்டுகள் ஊழியர்களை மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் இது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு, சம்பளக் குறையும் வசதிக் குறையும் மனக்கசப்பைத் தரும். ஊக்கத்தைத் தருவதோ செய்த வேலை நிறைவேறியதும், அதைப் பிறர் அறிந்து மதித்ததுமே என்று காட்டியது. 1971இல் எட்வர்ட் டெசி என்பவர் கல்லூரி மாணவர்களிடம் கட்டைப் புதிர்களைக் கொடுத்துச் சோதித்தார். புதிருக்கு ஒரு டாலர் பெற்றவர்களுக்கு, பணம் நின்றதும் ஆர்வமும் குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வம் குன்றவில்லை. கூலி கருதாத தொண்டர்களை நம்பி நடக்கும் ஆலயங்களுக்கு இது முக்கியமான செய்தி.

பாராட்டிலும் வகையுண்டு. "எல்லாரும் நன்றாகச் செய்தீர்கள்" என்பது காற்றோடு போய்விடும். "நேற்று மழையில் பந்தலுக்குள் தண்ணீர் புகாமல் வாய்க்கால் வெட்டினீர்களே ஐயா, அன்னதானத்துக்கு வந்தவர்கள் கால் நனையாமல் சாப்பிட்டார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இன்ன செயல், இன்ன பயன் என்று குறிப்பிட வேண்டும். அன்றைக்கே சொல்லுவது நல்லது. ஆண்டு விழா வரை காத்திருந்தால் அவருக்கே அது மறந்துபோகும். ஒன்று, சம்பளத்தை இழுத்தடித்துவிட்டுப் பொன்னாடை போர்த்துவதை நான் மரியாதை என்று சொல்ல மாட்டேன்.

இவை மேல்நாட்டார் வந்து நமக்குக் கற்பித்தவையும் அல்ல. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது உட்படப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோருக்கும் பங்கு உண்டு. கோயிலை எழுப்பிய பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது. நெல்லும் கிடைத்தது, கல்லில் பெயரும் நின்றது.

ஆகவே நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு மலரில் நன்கொடையாளர் பட்டியலை அடுத்து ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மடைப்பள்ளி, துப்புரவு, காலணிக் காவல், பூக்கட்டு என்று பெயரோடு அவரவர் செய்த வேலையையும் அச்சிடுங்கள். தங்கள் விளம்பரப் பக்கத்தில் பாதியை அதற்கு விட்டுக்கொடுக்க முன்வரும் புரவலர்கள் நம்மிடையே உண்டு.