அம்மாவின் கோலம் என் கையில்!

என் அம்மாவின் இடது முன்கையில் ஒரு கோலம் இருந்தது. ஒன்பது புள்ளி, அதைச் சுற்றி வளைந்து வரும் ஒரே கோடு. மேலூர்ப் பக்கத்தில் அம்மா சிறுமியாக இருந்தபோது, தெருவுக்கு வந்த குறத்தி குத்திவிட்ட பச்சை அது. கூலி ஒரு படி அரிசியும் ஒரு பழைய சேலையும். "கத்தின கத்துல ஊரே கூடிடுச்சுடி" என்று அம்மா சிரிப்பாள்.

கடைசி வருஷத்தில் அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. பெற்ற பெண்ணான என்னையே, "நீ யாரு தாயி?" என்று கேட்பாள். ஆனால், வலது கை விரல் மட்டும் அந்தக் கோலத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளும் வழி தவறியதில்லை. ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது எண்ணெய்க் காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் படி எடுத்து வைத்தேன். அடுத்த மாசமே அம்மா போய்விட்டாள்.

வருஷத் திதிக்குள் அதே கோலத்தை என் கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. எனக்கு வயது 54. வீட்டில் சொன்னதும் என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். "பேரன் எடுக்கிற வயசுல டாட்டூவா? ஊரு சிரிக்கும்!" என்றார். என் மகள்தான், "அப்பா, அது ஆச்சியோட கோலம்ப்பா" என்று எனக்காகப் பேசினாள்.

முதலில் டாக்டரம்மா!

எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை உண்டு. அதனால் கடைக்குப் போகும் முன் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் கணக்கு 9.2 என்று வந்தது.

"இந்தச் சர்க்கரையோட ஊசி முனை படக்கூடாதும்மா. பச்சை குத்துறதுன்னா சின்னச் சின்னதா நூத்துக்கணக்கான காயம். சர்க்கரை ஏறியிருந்தா காயம் ஆறாது, சீழ் பிடிக்கும். முதல்ல 7-க்குப் பக்கத்துல கொண்டு வாங்க" என்றார்.

மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி, அசுத்தமான ஊசி மூலம் பரவக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று தவணை. "அதையும் போட்டுக்குங்க" என்றார். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் தடுப்பூசி கிடையாது; சுத்தமான ஊசிதான் காப்பு.

"திதிக்கு ராமேஸ்வரம் போறோம் டாக்டர், அதுக்கு முன்னாடி..." என்று இழுத்தேன்.

"கடல்ல முழுகி, 22 தீர்த்தமும் ஆடுவீங்க இல்லையா? பச்சைப் புண்ணோட தண்ணியில முழுகவே கூடாது. போயிட்டு வந்து குத்திக்குங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவின் திதியன்று வெறும் கையோடுதான் கடலில் முழுகினேன். ஆனால், அந்த ஆறு மாசம் வீண் போகவில்லை. காலையில் நடை, ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகு அடை, வேளை தவறாத மாத்திரை. கணக்கு 6.8-க்கு இறங்கியது! எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காத நான், ஒரு கோலத்துக்காகக் கேட்டேன்.

இன்னும் சிலருக்கும் டாக்டரம்மா எச்சரிக்கை சொன்னார். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப் போடுவது நல்லது. சின்னக் காயம்கூடத் தழும்பாகத் தடித்து வளரும் உடம்புக்காரர்கள் வேண்டவே வேண்டாம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பச்சை குத்துவதற்காகத் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் மகளுக்கும் ஆசை இருந்தது. ஆனால், அவள் தவறாமல் ரத்ததானம் செய்பவள். நம் நாட்டு விதிப்படி, பச்சை குத்திக்கொண்டவர்களிடம் 12 மாதத்துக்கு ரத்தம் வாங்க மாட்டார்கள். "எனக்கு இப்போ வேண்டாம்மா" என்று தானே விலகிக்கொண்டாள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் போன கடையில் மேஜை மேல் டீ டம்ளர், பக்கத்திலேயே பிரித்துப் போட்ட ஊசி! "புது ஊசிதானே தம்பி?" என்று கேட்டதற்கு, "கழுவி வச்சிருக்கோம்" என்றார் அந்தப் பையன். கழுவினால் போதுமா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது கடைத் தம்பி என்னைக் கேட்ட கேள்விகளே தைரியம் கொடுத்தன. சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை, எதற்காவது அலர்ஜி உண்டா என்று எழுதிக்கொண்டார். "முந்தின ராத்திரி நல்லா தூங்குங்க. வெறும் வயித்தோட வராதீங்கம்மா. தண்ணி நிறையக் குடிங்க. கை லூசான ரவிக்கையா போட்டுக்குங்க" என்றார். குடிப்பழக்கம் உள்ளவர்கள் முந்தின நாளே விட்டுவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் ரத்தக் கசிவு கூடும்.

குறித்த நாளில் இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, சர்க்கரை திடீரென்று இறங்கினால் இருக்கட்டும் என்று பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாயும் எடுத்துப் போனேன்.

தம்பி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டினார். ஒட்டிய உறையை என் கண்ணெதிரே கிழித்து ஊசியை எடுத்தார். மையை எனக்கென்று தனியாக ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஊற்றினார். மிச்ச மையைத் திரும்பப் புட்டியில் விடக் கூடாது. மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்கவும் கூடாது. அதிலிருக்கும் கிருமி தோலுக்குள் போனால் மாசக்கணக்கில் ஆறாத கட்டிகள் வருமாம்.

அம்மா காலத்தில் எப்படித் தெரியுமா? மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துத் துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்களாம். தோலுக்கு அடியில் போன கருமைதான் பச்சையாகத் தெரிகிறது. அழகுதான்! ஆனால், ஒரே ஊசி தெரு முழுக்கச் சுற்றி வருமே! இப்போதோ மின்சார ஊசி. 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். மேல்தோல் உரிந்து உரிந்து புதிதாக வரும்; அதற்கு அடியில் மை தங்குவதால்தான் அழிவதில்லை.

வலித்ததா என்கிறீர்களா? வலித்தது. எறும்புக் கூட்டத்தில் கை வைத்த மாதிரி. ஆனால், கோடு ஒன்றாவது புள்ளியைச் சுற்றி வளைந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. அம்மாவின் விரல்தான் தெரிந்தது.

அந்த மூன்று வாரம்

உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான். தம்பி சொன்ன நேரத்துக்குப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரும் வாசனையில்லாத சோப்பும் கொண்டு மெதுவாகக் கழுவினேன். தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு வாசனையில்லாத களிம்பு, மெல்லிசாக ஒரு பூச்சு. தினம் இரண்டு, மூன்று தடவை இப்படித்தான். அப்பளத்துக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி அப்பினால் புண்ணுக்குக் காற்றுப்படாது.

என் மாமியார் மஞ்சள் கிழங்கும் கல்லுமாக வந்து நின்றார். "இழைச்சுப் போடும்மா, ரெண்டு நாள்ல காயும். அந்தக் காலத்துல இதுதான்." நல்ல மனசுதான். ஆனால், அம்மிக் கல்லும் அடுக்களை மஞ்சளும் கிருமி நீக்கியவை அல்லவே! "ஆறினப்புறம் பூசிக்கிறேன் அத்தை" என்று சமாளித்தேன்.

இடது கை வளையலைக் கழற்றினேன், உரசக் கூடாது. பாத்திரம் தேய்க்கக் கையுறை. வெயிலில் போனால் தளர்வான பருத்தித் துணியால் மறைத்துக்கொண்டேன். தொட்டி, குளம், கடல் எதிலும் முழுகவில்லை. சொம்பில் மொண்டு குளிப்பதோடு சரி.

முதல் மூன்று நாள் சிவந்து, லேசாக வீங்கி, மை கலந்த நீர் கசியும். பயப்பட வேண்டாம். நாலைந்து நாளில் பாம்புச் சட்டை மாதிரி தோல் உரியும், அரிக்கும். அப்பப்பா, அந்த அரிப்பு! ஒன்பதாம் நாள் ராத்திரி தூக்கத்தில் சொறிந்துவிட்டேன் போலிருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு பொருக்கு பிய்ந்து, ஓரத்துப் புள்ளி ஒன்று வெளுத்திருந்தது.

ஆனால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ், காய்ச்சல், கையில் மேல் நோக்கிச் சிவப்புக் கோடு கண்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடிவிடுங்கள். சிவப்பு மைதான் அதிகம் அலர்ஜி செய்வதாகச் சொல்கிறார்கள். அது வருஷம் கழித்தும் வரலாம்.

இன்னொன்று. பெண்ணோ பிள்ளையோ கேட்டால், 18 வயது நிறையட்டும் என்று சொல்லுங்கள். ராணுவம் போன்ற வேலைகளுக்கு உடம்பில் பச்சை இருப்பது பற்றி விதிகள் உண்டு; முதலில் விசாரியுங்கள். லேசரில் அழிக்கலாம் என்றாலும் பல தடவை போக வேண்டும். காசும் அதிகம், வலியும் அதிகம், சுவடும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது.

மூன்று வாரத்தில் மேல்தோல் ஆறிவிட்டது. வெளுத்த புள்ளியை இன்னும் ஒரு மாதம் கழித்து இலவசமாகவே நிரப்பித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.

என் கணவர்? "இந்த வயசுல..." என்றவர், போன வாரம் டி.வி. பார்த்துக்கொண்டே என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உங்கம்மா எங்கேருந்து ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன்.